முதல் ரோமானிய வெள்ளிக் காசு வாங்குவது எப்படி? இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசு என்றால் அது அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அவை லட்சக்கணக்கில் அச்சடிக்கப்பட்டவை. ஐரோப்பா முழுக்க மண்ணுக்கடியில் பானை பானையாகக் கிடைத்தவை. நூறு பவுண்டுக்குள் நல்ல காசு ஒன்றைச் சட்டப்படி வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம்.

எனக்குக் காசைப் பிடித்துப்போனதில் ஒரு சிரமமும் இல்லை. ரசீது, சுங்கம், வாட் வரி, அதைத் திரும்பக் கேட்பது என்று காகித வேலையில்தான் வாரக்கணக்கில் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இது. வரலாறு இதில் அதிகம் இருக்காது. நான் இங்கிலாந்தில் இருப்பதால் விலையும் வரியும் இங்குள்ளவை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருப்பவர்களுக்கு வேண்டியதைக் கடைசிப் பகுதிகளில் சொல்லியிருக்கிறேன். விலைகள் எல்லாம் நான் பார்த்துவரும் தோராய விலைகள்.

1. எந்தக் காசு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் நேராக ஜூலியஸ் சீசர், நீரோ, கலிகுலா என்று தேடுவார்கள். அங்கேதான் விலையும் அதிகம், போலியும் அதிகம். கலிகுலாவின் வெள்ளிக் காசு ஆயிரம் பவுண்டுக்குக் கீழே நல்ல நிலையில் கிடைப்பது அரிது. சில மாதங்களே ஆண்ட ஓதோவின் காசும் பல நூறு பவுண்டு போகும். டைபீரியஸ் காசுக்கு விவிலியத் தொடர்பு இருப்பதால் கிறிஸ்தவ வாசகர்களிடம் தனி மவுசு. சுமாரான நிலையில் உள்ளதே 250 பவுண்டைத் தொடும்.

முதல் காசுக்கு நான் சொல்வது இவர்களைத்தான்: அன்டோனினஸ் பயஸ், செப்டிமியஸ் செவெரஸ், அவர் மனைவி ஜூலியா டோம்னா, செவெரஸ் அலெக்சாண்டர், மூன்றாம் கோர்டியன். செவெரஸ் அலெக்சாண்டரும் கோர்டியனும் எழுத்து தெளிவாகப் படிக்கும் நிலையில் 40 முதல் 80 பவுண்டுக்குள் அடங்கும். அன்டோனினஸ் பயஸ், டிராஜன், ஹேட்ரியன் என்றால் 80 முதல் 200 வரை வைத்துக்கொள்ளுங்கள். 1929இல் பல்கேரியாவின் ரேகா தேவ்னியாவில் கிடைத்த ஒரே புதையலில் மட்டும் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் எண்ணிப் பதிவாகின. அவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுக் காசுகள்தான். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதானே தவிர, காசில் குறை இருப்பதல்ல.

இரண்டு வகைப் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். டெனாரியஸ் என்பது அடிப்படை வெள்ளிக் காசு. சுமார் 17 முதல் 20 மில்லிமீட்டர் அகலம், நம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பேரரசர் தலையில் பெரும்பாலும் இலைமாலை இருக்கும். கி.பி. 215இல் பேரரசர் கரகல்லா கொண்டுவந்த பெரிய காசை இன்று அன்டோனினியானஸ் என்கிறார்கள். அதில் பேரரசர் தலையில் சூரியக் கதிர் போல முனை முனையாக நிற்கும் கிரீடம் இருக்கும். பேரரசி என்றால் மார்பளவு உருவத்துக்குக் கீழே பிறைநிலா இருக்கும். கதிர்க் கிரீடமோ பிறையோ இருக்கிறதா என்று பார்த்தாலே எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நீரோ 64இல் எடையைக் குறைத்தார். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் வெள்ளி ஏறக்குறைய பாதியாக இறங்கியது. காலியேனஸ் காலத்தின் கடைசியில் ஐந்து சதவீதம்கூட இல்லாமல், செம்புக் காசுக்கு மேலே வெள்ளிப் பூச்சுதான் மிச்சம். இணையத்தில் 'ரோமன் வெள்ளிக் காசு 15 பவுண்டு' என்று வருபவை பல இந்தக் கடைசிக் காலத்தவை. போலி இல்லை, ஆனால் நீங்கள் நினைக்கும் வெள்ளியும் இல்லை. அதுதான் வேண்டும் என்று தெரிந்து வாங்கினால் சரி.

2. ஒரு காசையாவது நீங்களே படிக்கப் பழகுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் விற்பவர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். லத்தீன் மொழி தெரிய வேண்டியதில்லை. இருபது முப்பது சுருக்கங்கள் தெரிந்தால் முக்கால்வாசிக் காசுகளைப் படித்துவிடலாம்.

டிராஜனின் டெனாரியஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சந்தையில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. எழுத்து பேரரசரின் கழுத்துக்குக் கீழே இடப்புறம் தொடங்கி, கடிகார முள் போகும் திசையில் தலையைச் சுற்றி வலப்புறம் இறங்கும். முன்பக்கத்தில் வரிசை இப்படி இருக்கும்: 'இம்ப்', 'டிராயானோ', 'அவ்க்', 'ஜெர்', 'டாக்', 'பி எம்', 'டி ஆர் பி'. சொற்களுக்கு இடையே புள்ளியோ இடைவெளியோ பெரும்பாலும் இருக்காது. ஒரே மூச்சாக ஓடும். 'யு' என்ற எழுத்தே இருக்காது. 'வி'தான் அதற்கும் சேர்த்து நிற்கும்.

'இம்ப்' என்றால் படைத்தலைவன் என்ற பொருளில் பேரரசன். 'அவ்க்' அகஸ்டஸ் பட்டம். 'ஜெர்', 'டாக்' இரண்டும் ஜெர்மானியரையும் டேசியரையும் (இன்றைய ருமேனியப் பகுதியில் இருந்தவர்கள்) வென்றதற்கான பட்டங்கள். 'பி எம்' தலைமைக் குரு. 'டி ஆர் பி' மக்கள் தலைவரின் அதிகாரம். பின்பக்கம் 'காஸ்' என்று போட்டு ரோமன் எண்ணில் ஐந்து இருக்கும். ஐந்தாம் முறையாகக் கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி. டிராஜன் ஐந்தாம் முறை கான்சல் ஆனது 103இல், ஆறாம் முறை ஆனது 112இல். ஆகவே இந்தக் காசு 103க்கும் 111க்கும் இடையே அடித்தது என்று நீங்களே சொல்லிவிடலாம். அதன் பிறகு 'பி பி' (நாட்டின் தந்தை), 'எஸ் பி க்யூ ஆர்' (ரோம மன்றமும் மக்களும்), 'ஒப்டிமோ பிரிங்க்' (மிகச் சிறந்த தலைவனுக்கு). மன்றமும் மக்களும் தங்கள் சிறந்த தலைவனுக்கு அளித்தது என்பது பொருள். ஒரு காசை இப்படி எழுத்து எழுத்தாகப் படித்து முடித்ததும் கிடைக்கும் மகிழ்ச்சி தனி. அதன் பிறகு நடுவில் இருக்கும் உருவம் என்ன என்று மட்டும் பார்த்தால் போதும்: தலையைத் தாங்கி அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் டேசியாவா, சிறகுள்ள வெற்றித் தேவதையா, ஒட்டகத்தோடு நிற்கும் அரேபியாவா என்று (நாடுகளை மனித உருவமாகக் காட்டியிருப்பார்கள்).

படித்ததைச் சரிபார்க்க ஓக்ரே என்ற இலவசத் தளம் இருக்கிறது. அமெரிக்க நாணயவியல் கழகமும் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. ரோமப் பேரரசின் காசு வகைகளை எண்ணிட்டுத் தொகுத்த ஆர்.ஐ.சி. என்னும் பெரும் பட்டியல் அதில் தேடும் வசதியுடன் இருக்கிறது. பேரரசர் பெயர், உலோகம், படித்த எழுத்து மூன்றையும் கொடுத்தால் வகையும் எண்ணும் படமும் வரும். விற்பவர் எழுதியிருக்கும் ஆர்.ஐ.சி. எண்ணை அங்கே போட்டுப் பாருங்கள். எண் ஒன்று, காசு வேறொன்று என்று இருப்பது அடிக்கடி நடக்கிறது. பலமுறை அது வெறும் கவனக்குறைவுதான். ஆனால் கவனக்குறைவாக எழுதுபவரிடம் மற்றவற்றையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

லண்டனில் இருப்பவர்கள் பணம் செலவழிக்கும் முன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 68ஆம் அறைக்கு ஒருமுறை போய் வாருங்கள். பணத்தின் கதைக்கென்றே உள்ள அறை. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியனும் அப்படித்தான். அசல் வெள்ளியின் நிறமும் தேய்மானமும் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கம் வர வேண்டும். படத்தில் அது வராது.

3. எடை, ஓரம், இரட்டைப் படம்: போலியைக் கண்டுபிடிக்கும் வழி

நகைக்கடைத் தராசு போல 0.01 கிராம் காட்டும் சிறு மின் தராசு ஒன்று வாங்குங்கள். பத்துப் பதினைந்து பவுண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, அதுவும் அதே விலைதான். ரசாயனம், அமிலச் சோதனை, உரசிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். காசின் மதிப்பு அந்தக் கணமே போய்விடும். காந்தம் வைத்துப் பார்ப்பதிலும் பெரிய பயன் இல்லை. போலிகள் பலவும் காந்தத்தில் ஒட்டாத உலோகங்களில்தான் வருகின்றன.

எடை சுமாராக இப்படி இருக்க வேண்டும். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸ் 3.6 முதல் 3.9 கிராம். 64க்குப் பிறகு அன்டோனினஸ் பயஸ் வரை 3 முதல் 3.5 கிராம். செவெரஸ் குடும்பத்தில் 2.5 முதல் 3.5 வரை ஏறி இறங்கும். கோர்டியனின் அன்டோனினியானஸ் 3.5 முதல் 5.5 வரை. விளம்பரத்தில் எடை போடாதவரிடம் எடை கேளுங்கள். எடை சொல்ல மறுத்தால் வேறு காசைப் பாருங்கள்.

எடை குறைந்தால் உடனே இந்தக் காலப் போலி என்று முடிவு செய்யாதீர்கள். அந்தக் காலத்திலேயே செம்புக் கட்டிமேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்த கள்ளக்காசுகள் ஏராளம். ஃபூரே என்பார்கள். எங்காவது தோல் உரிந்தது போல் செம்புச் சிவப்போ பச்சையோ எட்டிப் பார்க்கும். அவையும் பழையவைதான், சேகரிப்பவர்கள் விரும்பியே வாங்குவார்கள். ஆனால் விலை நல்ல காசில் பாதிகூட இருக்கக் கூடாது. வெள்ளி விலைக்கு இதை விற்கப் பார்ப்பவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

இந்தக் காலப் போலியில் முதல் வகை வார்ப்பு. உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரங்கள் சோப்பில் செதுக்கியது போல மழுங்கியிருக்கும். பரப்பில் மிகச் சிறிய குமிழிகள் தெரியும். காசின் ஓரத்தைச் சுற்றி, இரண்டு பாதியைச் சேர்த்த கோடு இருக்கலாம், அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டுத் தேய்த்த தடம் இருக்கலாம். அசல் காசு சுத்தியலால் அடித்தது. ஓரத்தில் வெடிப்பு இருக்கும், வட்டம் கோணலாக இருக்கும், உருவம் நடுவை விட்டு நகர்ந்திருக்கும். அவை எல்லாம் நல்ல அறிகுறிகள்.

இரண்டாம் வகை அச்சடித்த போலி. பல்கேரியாவில் 1990களிலிருந்து திறமையாகச் செய்யப்படுகிறது. இதைக் கண்ணால் மட்டும் பிடிப்பது கடினம். ஒரு வழி இருக்கிறது. ஏலப் பதிவுகளைத் தேடும் தளங்களில் அதே வகைக் காசின் படங்களை வரிசையாகப் பாருங்கள். சுத்தியலால் கையில் அடித்த இரண்டு காசுகள் ஒரே அச்சில் வந்திருந்தாலும் வெளிவட்டம், வெடிப்பு, நடுவிலிருந்து நகர்ந்த அளவு மூன்றும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. அப்படி ஓரத்து வெடிப்புகூட அச்சு அசலாக ஒத்துப்போகும் இரட்டை ஒன்றைக் கண்டால் (அதே காசே மறுபடி ஏலத்துக்கு வந்ததாக இல்லாவிட்டால்) இரண்டில் ஒன்று, பெரும்பாலும் இரண்டுமே, போலி.

சுற்றுலா போகும் இடங்களில் இடிபாடுகளுக்கு அருகே சட்டைப் பையிலிருந்து காசை எடுத்துக் காட்டுபவர்களிடம் நிற்கவே வேண்டாம். ஒன்று அது வார்ப்புப் போலியாக இருக்கும், இல்லையென்றால் அந்த நாட்டுச் சட்டப்படி திருட்டுப் பொருளாக இருக்கும். துருக்கியில் பழம்பொருளைக் கடத்துவதற்குச் சிறைத்தண்டனை உண்டு. தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று விமான நிலையத்தில் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

4. யாரிடம் வாங்குவது

முதல் காசைப் பொது விற்பனைத் தளங்களில் வாங்காதீர்கள். மலிவாகத் தெரியும், ஆனால் பொறுக்கி எடுக்கும் கண் இன்னும் உங்களுக்கு வரவில்லை. நாணய வணிகர் சங்கங்களில் உறுப்பினராக உள்ள டீலரிடம் போங்கள். பிரிட்டனில் பி.என்.டி.ஏ., உலக அளவில் ஐ.ஏ.பி.என். இருக்கின்றன. இவர்களின் உறுப்பினர் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். காசு அசல் என்பதற்கு உறுதி தருவது இந்த வணிகர்களின் வழக்கம். அந்த உறுதிக்குக் கால வரம்பு உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் பத்து இருபது பவுண்டு கூடுதலாகக் கொடுப்பீர்கள். முதல் காசுக்கு அந்தப் பணம் தகும்.

லண்டனிலும் யார்க்கிலும் ஆண்டுதோறும் காசுச் சந்தை நடக்கும். சிறு நுழைவுக் கட்டணம் இருக்கும். அங்கே மேசைமேல் இருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். காசின் ஓரத்தை மட்டும் விரலால் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது, மேசைக்கு மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். இது தெரிந்தால் டீலர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்.

5. மொத்தச் செலவை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கப் போகும் விலை அல்ல. ஓர் உதாரணம்: சுத்தியல் விலை 80 பவுண்டு. வாங்குபவர் பிரீமியம் (ஏல நிறுவனம் மேலே சேர்க்கும் கட்டணம்) 20 சதவீதம் என்றால் 16. அந்தப் பிரீமியத்துக்கு 20 சதவீத வாட் 3.20. நேரலைத் தளம் வழியாகக் கேட்டிருந்தால் அவர்களுக்கு 3 சதவீதம், அதன் வாட்டோடு 2.88. காப்பீட்டோடு அஞ்சல் சுமார் 12. கூட்டினால் 114 பவுண்டுக்கு வந்து நிற்கும். எல்லாம் சேர்த்து எண்பதுக்கு மேல் போக மாட்டேன் என்று முடிவு செய்திருந்தால், நீங்கள் கேட்க வேண்டிய உச்ச விலை ஐம்பத்தைந்துக்கும் கீழே. பிரீமியம் 25 சதவீதம் வரையிலும் போகும் ஏல நிறுவனங்கள் உண்டு. விதிமுறைப் பக்கத்தை ஏலத்துக்கு முன்னால் படியுங்கள்.

அஞ்சலில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ராயல் மெயிலில் ஸ்பெஷல் டெலிவரிதான் இதுபோன்ற மதிப்புள்ள பொருளுக்கு உரியது; அடிப்படை இழப்பீடு 750 பவுண்டு வரை. மலிவான சேவையில் அனுப்பிக் காணாமல்போனால் 'மதிப்புள்ள பொருள் இதில் அடங்காது' என்று பதில் வரும்.

காலக் கணக்கு: கடையில் வாங்கினால் இரண்டு மூன்று நாளில் கையில். ஏலம் என்றால் பணம் கட்டியபின் ஒன்றிரண்டு வாரம். வெளிநாட்டு ஏலம் என்றால் ஏற்றுமதி அனுமதி வேண்டிய நாடுகளில் மாதங்கள்கூட ஆகும். முக்கியமாக இத்தாலியிலிருந்து வாங்கும்போது அனுமதி யார் எடுப்பது, எத்தனை நாளாகும் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்கு வாங்குவதாக இருந்தால் இன்னொன்று: இத்தாலியோடும் வேறு சில நாடுகளோடும் செய்த ஒப்பந்தங்களால் குறிப்பிட்ட சில காசு வகைகளுக்கு அங்கே இறக்குமதிக் கட்டுப்பாடு இருக்கிறது.

6. காகிதங்கள்: காசு அளவுக்கே முக்கியம்

இந்த முழுக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ரசீதில் இருக்க வேண்டியவை: விற்பவர் பெயர், முகவரி, தேதி, பேரரசர், வகை, ஆர்.ஐ.சி. எண்; எடை, விட்டம்; காசின் படம் அல்லது பட எண்; அசல் என்ற உறுதிமொழி; விலை. 'பழைய காசு ஒன்று, 90 பவுண்டு' என்று எழுதிய ரசீது எதற்கும் உதவாது. பின்னால் அந்தக் காசுதான் இந்த ரசீதுக்கு உரியது என்று எப்படிக் காட்டுவீர்கள்?

அடுத்து, காசு எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று. முன்பு எந்தச் சேகரிப்பில் இருந்தது, எந்த ஏலத்தில் எந்த எண்ணில் விற்றது, பழைய காகித உறை அல்லது அட்டைச் சீட்டு இருக்கிறதா? பழைய டீலர் கையால் எழுதிய சிறு சீட்டுகளைப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். காசு எத்தனை கை மாறி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பண்பாட்டுப் பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. அதற்கு முன்பே சேகரிப்பில் இருந்தது என்று காட்டும் காகிதம் இருந்தால் மிக நல்லது. நூறு பவுண்டு காசுக்கு அந்த அளவு சான்று கிடைப்பது அரிது என்பது உண்மை. ஆனாலும் ஒரு பழைய ஏலப் பதிவாவது இருக்கும் காசுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பிரிட்டன் மண்ணில் கிடைத்த காசு என்று விற்பவர் சொன்னால் அது பதிவானதா என்று கேளுங்கள். பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்யும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தின் தரவுதளத்தில் பதிவெண் இருக்கும். இந்த மண்ணில் கிடைத்த தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்ல, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. வெளிநாட்டிலிருந்து வாங்கினால்: சுங்கமும் வாட்டும்

என்னை வாரக்கணக்கில் அலைய வைத்தது இதுதான். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயவியல் சேகரிப்புப் பொருளுக்குச் சுங்க அட்டவணையில் தனி எண் இருக்கிறது: 9705 31. இதற்குச் சுங்கத் தீர்வை இல்லை. இறக்குமதி வாட் 20 சதவீதத்துக்குப் பதில் நடைமுறையில் 5 சதவீதம்தான். ஆனால் பொட்டலத்தின்மேல் விற்பவர் 7118 என்று எழுதிவிட்டால் அது சாதாரண நாணயம். முழு 20 சதவீதம் விழும். 'வெள்ளி நகை' என்று எழுதினால் தீர்வையும் சேரலாம்.

அமெரிக்காவிலிருந்து எனக்கு வந்த காசில் விற்பவர் தவறான எண்ணை எழுதியிருந்தார். அஞ்சல் செலவோடு 225 பவுண்டு மதிப்பு. 11.25 பவுண்டு வர வேண்டிய வாட் 45 ஆக வந்து நின்றது. கட்டினால்தான் பொட்டலம் கையில் கிடைக்கும். விற்றவருக்கு எழுதினால் 'எல்லோருக்கும் இப்படித்தான் அனுப்புகிறோம்' என்று பதில். திரும்பப் பெற முடிந்தது, ஆனால் கடித எழுத்தும் காத்திருப்புமாக நீண்டது.

ஆகவே வாங்கும்போதே விற்பவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: 'சுங்கப் படிவத்திலும் உள்ளே வைக்கும் ரசீதிலும் 9705 31 என்ற எண்ணையும், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ரோமானியக் காசு, சேகரிப்புப் பொருள், தோராயமாக இத்தனையாம் நூற்றாண்டு என்ற விவரத்தையும் எழுதுங்கள்.' அவர் ஒப்புக்கொண்டதைச் சேமித்து வையுங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று சிலர் தாங்களாகவே முன்வருவார்கள். அது பொய் அறிவிப்பு. பொட்டலம் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

அப்படியும் தவறாக வாட் விழுந்தால்: ராயல் மெயில் அல்லது பார்சல்ஃபோர்ஸ் வழியாக வந்தது என்றால் பி.ஓ.ஆர். 286 என்ற படிவம். தனியார் கூரியர் என்றால் முதலில் அவர்களிடமே திருத்தம் கேட்க வேண்டும். இறக்குமதி அறிவிப்பு அவர்கள் கொடுத்தது. இரண்டுக்கும் வேண்டியவை ஒன்றுதான்: கட்டண அறிவிப்பு, பணம் கட்டிய சான்று, ரசீது, பொட்டலத்தின் மேலிருந்த சுங்கச் சீட்டு. பொட்டலத்தைப் பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், உறையை எறியாதீர்கள். அஞ்சல்துறையின் கையாளும் கட்டணம் சுமார் 8 பவுண்டு, கூரியர் என்றால் இன்னும் அதிகம். அது திரும்ப வராது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு, ஃபிரான்ஸ், ஜெர்மனியில் நம்மவர்கள் பலர் இருப்பதால் சொல்கிறேன். பண்பாட்டுப் பொருள் இறக்குமதி பற்றிய 2019/880 என்ற ஒழுங்குவிதியின் உரிம ஏற்பாடு 28 ஜூன் 2025 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பொதுவாகக் காசுக்கு ஒன்றின் மதிப்பு 18,000 யூரோவைத் தொட்டால்தான் இறக்குமதியாளர் அறிக்கை வேண்டும். ஆனால் அகழ்வில் கிடைத்த பொருள் என்று சுங்கம் வகைப்படுத்தினால் விலை எவ்வளவாக இருந்தாலும் உரிமம் கேட்கலாம். தோன்றிய நாட்டிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பொருளுக்கு முற்றிலும் தடை. ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கும் டீலரிடம் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

8. காசு கைக்கு வந்ததும்

அன்றே எடை போடுங்கள், அளந்து பாருங்கள், விற்பவர் படத்தோடு ஓரத்து வெடிப்பு வரை ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்ப டீலர்கள் பொதுவாக ஏழு முதல் பதினான்கு நாள் தருவார்கள். அந்த நாட்களைச் சும்மா கடத்த வேண்டாம்.

துடைக்காதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை என்று நம் வீட்டில் வெள்ளிப் பாத்திரத்துக்குச் செய்யும் எதையும் இதற்குச் செய்யக் கூடாது. காலம் தந்த அந்தச் சாம்பல் நிறம்தான் சேகரிப்பவர் தேடுவது. பளபளவென்று தேய்த்த காசுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது. பழைய வெள்ளி உள்ளுக்குள் படிகமாகி உடையும் தன்மையும் கொண்டது. மேசையிலிருந்து தரையில் விழுந்தாலே இரண்டாகலாம்.

பி.வி.சி. கலந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் வைத்தால் பச்சைப் பசை படியும். மைலார் அல்லது அமிலமற்ற காகித உறையைக் கேட்டு வாங்குங்கள். காசுச் சந்தையில் நூறு உறை சில பவுண்டுதான்.

9. இந்தியாவில் இருப்பவர்களும் ஊருக்குப் போகிறவர்களும்

ரோமானிய வெள்ளிக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரிந்தது. உடுமலைப்பேட்டை அருகே பூதிநத்தத்தில் அகஸ்டஸ், டைபீரியஸ் டெனாரியஸ்கள் ஆயிரத்துக்கு மேல் ஒரே இடத்தில் கிடைத்தன. கரூர் அமராவதி ஆற்று மணலிலும் ரோமக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இதனாலேயே 'கரூரில் கிடைத்தது' என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

இந்தக் கடைசி வரிதான் ஊருக்குப் போகிறவர்களுக்கு. இங்கே சட்டப்படி வாங்கிய காசை, அப்பா அம்மாவிடம் காட்டலாம் என்று கைப்பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குப் போகாதீர்கள். உள்ளே வந்துவிட்டால் திரும்பக் கொண்டுவரும்போது அது இந்தியாவை விட்டு வெளியேறும் தொல்பொருள். ரசீது இருந்தாலும் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லி மாளாது. நல்ல படம் எடுத்துக்கொண்டு போங்கள். ரோமக் காசை நேரில் பார்க்க வேண்டும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அவர்களை அழைத்துப் போகலாம்.

10. வாங்காமல், தேடிக் கண்டெடுக்க ஆசைப்பட்டால்

இங்கிலாந்தில் உலோகம் கண்டறியும் கருவியோடு வயலில் நடப்பவர்களுக்கு ரோம வெள்ளி கிடைக்கத்தான் செய்கிறது. 1992இல் சஃபோக்கின் ஹாக்ஸ்னில் கிடைத்த பெரும் புதையலும் அப்படி வெளிவந்ததே. நில உரிமையாளரின் அனுமதியை, கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்பதோடு சேர்த்து, முதலில் எழுத்தில் வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதே குற்றம். தேம்ஸ் ஆற்றங்கரையில் தேட, லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ வெள்ளிக் காசுகள் கிடைத்து, அவை முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்டவையாகவும் பத்து சதவீதமாவது வெள்ளி உள்ளவையாகவும் இருந்தால், 1996ஆம் ஆண்டின் சட்டப்படி அது புதையல். பதினான்கு நாளுக்குள் கரோனருக்கு (புதையலை விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் உங்கள் மாவட்டத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் கொடுத்தால் அவரே மேற்கொண்டு நடத்துவார். செலவு எதுவும் இல்லை. அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் மதிப்பிட்டுப் பரிசுத்தொகை தருவார்கள். வழக்கமாக அது கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பிரியும். முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தனிக் காசு ஒன்று மட்டும் கிடைத்தால் சட்டக் கட்டாயம் பொதுவாக இல்லை என்றாலும் அதே அலுவலரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். கண்ட இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் உடனே குறித்துக்கொண்டு, மண்ணைக் கழுவாமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.